அலங்கில் கரையேறிய 'பிரான்ஸ்'

பிரெஞ்சு மொழியில் பிரான்ஸ் நாடு பெண்பால். 'லா பிரான்ஸ்' என்பார்கள். அதே பெயரை ஒரு கப்பலுக்கு வைத்தபோது 'லெ பிரான்ஸ்' என்று ஆண்பாலாக்கிக்கொண்டார்கள். லா என்றால் நாடு, லெ என்றால் கப்பல். 316 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் 1962 பிப்ரவரி 3 அன்று லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் கிளம்பியது. 2006 ஆகஸ்டில், பழைய கப்பல்களை உடைக்கும் இடமான குஜராத்தின் அலங் கடற்கரைச் சேற்றில் ஏறி நின்றது. அப்போது அதற்குப் பெயர் 'ப்ளூ லேடி'. நடுவில் கால் நூற்றாண்டு 'நார்வே' என்று பெயர்.

இந்தக் கப்பலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: ஜெட் விமானம் வந்தது, கப்பல் போனது. பொய்யில்லை. ஆனால் ஜெட் வந்து ஜெயித்த பிறகும் இந்தக் கப்பல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிச் சம்பாதித்தது. அதனால் நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன். வரைபடம் போட்டபோதே இரண்டு முடிவுகளை எடுத்துவிட்டார்கள். ஒன்று, கப்பல் 30 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டரில், ஓட வேண்டும். இன்னொன்று, என்ன ஆனாலும் தீப்பிடிக்கக் கூடாது. முதல் முடிவால் கப்பலுக்குள் எட்டுக் கொதிகலன்கள் வந்தன. இரண்டாவதால் நூற்றுக்கணக்கான டன் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், வந்தது. பின்னால் நடந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலிருந்து கிளைத்ததுதான்.

தீயின் மேல் இருந்த பயம் சும்மா வந்ததல்ல. 1932இல் 'ஜார்ஜ் பிலிப்பார்' என்ற பிரெஞ்சுக் கப்பல் கிழக்காசியாவுக்குப் போன முதல் பயணத்தின் திரும்பும் வழியில் ஏடன் வளைகுடாவில் எரிந்தது. இறந்தவர்களில் புகழ்பெற்ற பத்திரிகையாளர் அல்பேர் லோந்திரும் ஒருவர். அடுத்த ஆண்டே 'லட்லாந்திக்' ஆங்கிலக் கால்வாயில் எரிந்தது. 1939இல் 'பாரிஸ்' லெ ஆவ்ர் துறைமுகத்தில் நின்றபடியே எரிந்து கவிழ்ந்தது. 1942 பிப்ரவரியில் 'நார்மண்டி'. பிரெஞ்சுக்காரர்களின் பெருமைக்கெல்லாம் பெருமையான அந்தக் கப்பலை நியூயார்க்கில் படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். உலோகம் வெட்டும்போது பறந்த தீப்பொறி, குவித்து வைத்திருந்த மிதவைச் சட்டைகளில் விழுந்தது. அணைக்க ஊற்றிய தண்ணீரின் பாரத்தில் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. பத்தே ஆண்டில் நான்கு பெரிய கப்பல்கள் போயின.

போர் முடிந்தபோது, பின்னால் 'பிரான்ஸ்' கப்பலைக் கட்டவைத்த 'கொம்பாஞ்ஞி ஜெனரால் டிரான்சட்லாந்திக்' நிறுவனத்தின் கையில் அட்லாண்டிக் தடத்துக்குத் தகுந்த பெரிய கப்பலாக 1927இல் ஓடத் தொடங்கிய 'ஈல் த பிரான்ஸ்' ஒன்றுதான் மிஞ்சியது. போர் இழப்பீடாக ஜெர்மனியின் 'யூரோப்பா' கிடைத்தது. அதற்கு 'லிபெர்த்தே' என்று பெயர் மாற்றினார்கள். 1946 டிசம்பர் புயலில் அது கட்டியிருந்த கயிறுகளை அறுத்துக்கொண்டு போய், லெ ஆவ்ரில் மூழ்கிக் கிடந்த அதே 'பாரிஸ்' கப்பலின் மேல் மோதித் தானும் மூழ்கியது. எரிந்து கிடந்த கப்பல் பழி தீர்த்துக்கொண்டது போல. அதைத் தூக்கிச் சீராக்கி ஓடவிட 1950 ஆகிவிட்டது.

ஐம்பதுகளின் நடுவில் இரண்டுமே கிழடு தட்டிவிட்டன. (கிழடு என்று சொன்னாலும், 1956 ஜூலையில் 'ஆந்திரியா டோரியா' மூழ்கியபோது இரவோடு இரவாகத் திரும்பிப் போய் 750க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது இந்த 'ஈல் த பிரான்ஸ்'தான்.) இவற்றுக்கு மாற்றாக இரண்டு நடுத்தரக் கப்பல்களா, ஒரே பெரிய கப்பலா என்று வாதம் நடந்தது. அரசு மானியம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதால் இது அரசியல் வாதமும்கூட. கடைசியில் ஒரே பெரிய கப்பல் என்று முடிவாயிற்று. 1957இல் சென் நசேர் கப்பல்தளத்தில் அடிக்கட்டை இட்டார்கள். 1960 மே 11 அன்று அதிபர் தெகோலின் மனைவி இவோன் பெயர் சூட்ட, கப்பல் தண்ணீரில் இறங்கியது.

ஒரே கப்பல் என்று முடிவு செய்த உடனேயே வேகமும் முடிவாகிவிட்டது. துணைக்கு இன்னொரு கப்பல் இல்லை. இரண்டு கப்பல்கள் பார்க்க வேண்டிய வேலையை ஒன்றே இழுக்க வேண்டும். லெ ஆவ்ரிலிருந்து நியூயார்க் ஐந்து நாளில் போக வேண்டும், சீக்கிரம் துடைத்துச் சுத்தம் செய்து, எண்ணெய் நிரப்பித் திரும்ப வேண்டும். ஆகவே 30 நாட். அமெரிக்காவின் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' 1952இல் வைத்த வேகச் சாதனையை முறியடிக்கும் எண்ணம் இல்லை. ஆனாலும் எட்டுக் கொதிகலன்கள், நீராவி டர்பைன்கள், நான்கு புரொப்பெல்லர்கள், 1,60,000 குதிரைத்திறன். இவற்றை இரண்டு தனித்தனி எந்திர அறைகளாகப் பிரித்தார்கள். முன்னறை வெளிப்பக்கத்து இரண்டு புரொப்பெல்லர்களைச் சுழற்றும், பின்னறை உள்பக்கத்து இரண்டை. இந்தப் பிரிவினை பின்னால் கப்பலின் உயிரைக் காப்பாற்றும் என்று வரைந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

வேகத்தின் விலை என்ன என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். கப்பல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவது. வேகம் கூடும்போது தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது, தேவைப்படும் திறன் மும்மடிக்கு. 18 நாட்டில் போக ஒரு பங்கு திறன் வேண்டுமென்றால், 30 நாட்டில் போக நாலரைப் பங்குக்கு மேல் வேண்டும். எண்ணெய் மலிவாக இருக்கும்வரை இந்தக் கணக்கு யாரையும் உறுத்தாது.

உள்ளே அலங்காரத்தில் மரம் ஏறத்தாழ இல்லவே இல்லை. அலுமினியம், ஃபார்மைகா, செயற்கை இழைத் துணி. தடுப்புச் சுவர்களுக்குள்ளும் குழாய்களைச் சுற்றியும் கல்நார். 'நார்மண்டி'யின் பளபளப்பான அரக்கு வேலைப்பாட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆஸ்பத்திரி போல இருந்தது என்று புலம்பல் உண்டு. ஆனால் சாப்பாட்டில் யாரும் குறை சொன்னதில்லை. முதல் வகுப்பின் 'ஷம்போர்' உணவுக்கூடம் வட்டமானது, மேலே குவிமாடம். உள்ளே போக வேண்டுமென்றால் படிக்கட்டில் இறங்கித்தான் போக வேண்டும். அதாவது கீழே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் உங்கள் உடையைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு சூப். மேல்தளத்தில் நாய்களுக்கும் இடம் இருந்தது. பிரெஞ்சு நாய்கள் காலைத் தூக்க ஒரு மைல்கல், அமெரிக்க நாய்களுக்கு நியூயார்க் தெருவில் இருப்பது போன்ற ஒரு தீயணைப்புக் குழாய். இரண்டு புகைபோக்கிகளின் இருபக்கமும் சிறகு முளைத்தது போல நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக மட்டும் அல்ல. கரிப்புகை தளத்தில் உலாவுகிறவர்கள் மேல் விழாமல் வெளியே போவதற்கான ஏற்பாடு.

இந்தக் கப்பலின் மிகப் பெரிய விருந்தாளி ஒரு பெண், அதுவும் ஓவியம். 1962 டிசம்பரில் 'மோனா லிசா'வை அமெரிக்காவுக்குக் காட்டக் கொண்டுபோனது இதில்தான். தனிப் பெட்டியில், முதல் வகுப்பு அறையில், காவலோடு.

சரி, ஜெட்டுக்கு வருவோம். கடற்பயணம் தோற்ற ஆண்டு 1958. அந்த அக்டோபரில் பிரிட்டனின் காமெட் விமானமும் அமெரிக்க விமான நிறுவனமான பான் ஆமின் போயிங் 707ம் சில வார இடைவெளியில் அட்லாண்டிக் மேல் பறக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் ஏழெட்டு மணி நேரமானது. அப்போது 'பிரான்ஸ்' இன்னும் கப்பல்தளத்தில் எலும்புக்கூடாகத்தான் நின்றது. அதாவது பிறப்பதற்கு முன்பே அதன் தொழில் கைவிட்டுப் போய்விட்டது. இருந்தும் அறுபதுகளில் அது பெரும்பாலும் நிரம்பியே ஓடியது, காரணம் அந்தச் சமையலும் அந்தப் பெயரும். நிரம்பி ஓடினாலும் செலவைக் கட்டவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அரசு பணம் போட்டது.

குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் ஆள் குறையும்போது வெயில் நாடுகளுக்கு உல்லாசப் பயணம் அனுப்பினார்கள். இங்கேதான் கட்டமைப்பு இடித்தது. வடஅட்லாண்டிக்கின் குளிர் காற்றுக்காகக் கட்டிய கப்பல். நீச்சல் குளம் இரண்டும் உள்ளே. ஒன்றின் மேல் கண்ணாடிக் கூரை இருந்தது, ஆனால் திறக்க முடியாது. கரீபியன் வெயிலுக்கு வந்தவன் கண்ணாடிக்குக் கீழே நீந்த வேண்டும். கப்பலின் அகலம் பனாமா கால்வாய்க்கு ஒரு கை அளவு கூடுதல் என்பதால் 1972இல் உலகைச் சுற்றப் போனபோது தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் பிரிட்டிஷ் நிறுவனமான குனார்டு புத்திசாலி. 1969இல் ஓடத் தொடங்கிய அவர்களின் 'குயின் எலிசபெத் 2' கொஞ்சம் குறுகலானது, பனாமாவில் நுழையக் கூடியது, திறந்தவெளிக் குளங்களோடு வந்தது. ஏழே ஆண்டு இடைவெளி.

1973 அக்டோபர் அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. மும்மடிக் கணக்கு இப்போது உறுத்தியது. 1974 மே மாதம் அதிபரான ஜிஸ்கார் தெஸ்தேனின் அரசு மானியத்தை நிறுத்தப் போவதாக அறிவித்தது. இலையுதிர் காலத்தோடு கப்பலும் நின்றுவிடும். அதே கஜானாதான் கான்கார்டு விமானத்துக்கும் பணம் கொட்டிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

செப்டம்பர் 11 மாலை, நியூயார்க்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கப்பல் லெ ஆவ்ரை நெருங்கியபோது பணியாளர்கள் கப்பலைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டார்கள். துறைமுகத்துக்குள் போகும் தடத்திலேயே நங்கூரம் போட்டு வழியை அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை வேறு படகில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டியதாயிற்று. கப்பல் ஓட வேண்டும், சம்பளம் ஏற வேண்டும் என்பது கோரிக்கை. ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். அரசு அசையவில்லை. 377 அட்லாண்டிக் பயணங்கள், 93 உல்லாசப் பயணங்கள், ஏறத்தாழ 7 லட்சம் பயணிகள் என்ற கணக்கோடு பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கை முடிந்தது. லெ ஆவ்ரில் ஓர் ஒதுக்குப்புறத்தில் கட்டிப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்கு 'மறதித் துறை' என்று பெயர் வைத்தார்கள். 1977இல் சவூதித் தொழிலதிபர் அக்ரம் ஓஜ்ஜே அதை வாங்கி, மிதக்கும் அருங்காட்சியகமாகவும் சூதாட்ட விடுதியாகவும் ஆக்கப் போவதாகச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை.

1979இல் நார்வேக்காரர் குனுட் குளோஸ்டர் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்தக் கதையில் உண்மையிலேயே கூர்மையான தலை இவருடையதுதான் என்பேன். மற்றவர்கள் வேகமான கப்பல் என்று பார்த்ததை அவர் பெரிய கப்பல் என்று பார்த்தார். கரீபியனில் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு இரவில் போய்ச் சேர்ந்தால் போதும். 30 நாட் எதற்கு? ஜெர்மனியின் பிரேமர்ஹாவனில் கப்பலைக் கட்டிவைத்து முன் எந்திர அறையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். வெளிப்பக்கத்து இரண்டு புரொப்பெல்லர்களையும் கழற்றினார்கள். மிச்சமிருந்த பாதியைக் கொண்டே சாவகாசமான வேகத்தில் ஓடியது, எண்ணெய்ச் செலவு பெருமளவு விழுந்தது. பின்தளத்தில் திறந்தவெளிக் குளம் வந்தது. 1980இல் மயாமியிலிருந்து 'நார்வே' என்ற பெயரில் வாராந்தரப் பயணம்.

அந்தக் காலத்து உல்லாசக் கப்பல்கள் 20,000 டன்னைச் சுற்றி இருந்தன, இது 70,000. சின்னத் தீவுகளின் துறையில் நுழையவே முடியாது. அதற்கும் வழி செய்தார்கள். இரண்டு பெரிய தரையிறங்கு படகுகளை முன்தளத்திலேயே ஏற்றிக்கொண்டு போய், கடலில் நங்கூரம் போட்டு, பயணிகளைப் படகில் இறக்கினார்கள். ஆனால் பாதிப் பேர் இறங்கவே தேவையில்லை என்பதுதான் குளோஸ்டரின் கண்டுபிடிப்பு. கடைவீதி, நாடக அரங்கு, சூதாட்டம் எல்லாம் உள்ளேயே. ஊர் பார்க்கக் கப்பலில் போவது போய், கப்பலையே பார்க்கப் போவது என்றானது. இன்றைய ராட்சத உல்லாசக் கப்பல்களின் வியாபாரம் முழுக்க இங்கிருந்து வந்தது. 1988இல் போட்டி நிறுவனம் 73,000 டன் கப்பலைப் புதிதாகவே கட்டி இறக்கியது.

ஒன்றை மட்டும் செய்யவில்லை: நீராவியை விட்டு டீசலுக்கு மாறவில்லை. 'குயின் எலிசபெத் 2'க்கு 1986-87இல் அதே பிரேமர்ஹாவனில் கொதிகலன்களைப் பிடுங்கி டீசல் எந்திரம் வைத்தார்கள். அது 2008வரை ஓடி, இப்போது துபாயில் ஓட்டலாக நிற்கிறது. 'நார்வே'யில் மிஞ்சிய கொதிகலன்கள் கட்டியபோது வைத்தவையே. கொதிகலனுக்கு ஒரு குணம் உண்டு. தொடர்ந்து எரிந்துகொண்டே இருந்தால் அது நெடுநாள் உழைக்கும். அடிக்கடி அணைத்து, மறுபடி ஏற்றினால் எஃகு சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, விரிந்து, சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். அட்லாண்டிக் ஓட்டத்தில் ஐந்து நாள் சீராக எரிந்தவை, கரீபியனில் வாரத்துக்குப் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

2003 மே 25, ஞாயிறு அதிகாலை. மயாமியில் வந்து கட்டிய கொஞ்ச நேரத்தில் பின்னறைக் கொதிகலன் ஒன்று பிளந்தது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருந்த கொதிநீர் ஒரே நொடியில் நீராவியாக வெடித்துப் பரவியது. பணியாளர்கள் 8 பேர் இறந்தார்கள். மேலே தூங்கிக்கொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளில் யாருக்கும் காயமில்லை. உலோகச் சோர்வால் வந்த கீறல்கள், சரியில்லாத பராமரிப்பு, சரியில்லாத சோதனை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. 2008இல் கப்பல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது.

இத்தோடு முதல் முடிவின் கணக்கு தீர்ந்தது. இரண்டாவது பாக்கி இருந்தது: தூசாக உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் அந்தக் கல்நார்.

கப்பலை பிரேமர்ஹாவனுக்கு இழுத்துப் போனார்கள். 2005இல் அங்கிருந்து மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். கழிவு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கைப்படி, உடைக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு கல்நார் நிறைந்த கப்பலை ஜெர்மனியிலிருந்து அவ்வளவு எளிதாக வெளியே எடுக்க முடியாது. ஆசியாவில் அடுத்த வேலை பார்க்கப் போகிறது என்றால் அது கழிவு அல்ல, கப்பல். 'ப்ளூ லேடி' என்ற பெயரும் புது உரிமையாளரும் வந்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது. பங்களாதேஷ் உள்ளே விட மறுத்தது.

அதே 2006 தொடக்கத்தில் இன்னொரு பிரெஞ்சுக் கப்பலும் அலங்கை நோக்கி வந்துகொண்டிருந்தது: விமானந்தாங்கிக் கப்பல் 'கிளெமான்சோ'. அதிலும் கல்நார். இந்தியாவிலும் பிரான்சிலும் எதிர்ப்பு கிளம்ப, பிப்ரவரியில் அதிபர் ஷிராக் அதைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அது கடைசியில் இங்கிலாந்தில் உடைபட்டது. 'கிளெமான்சோ' பிரெஞ்சுக் கடற்படையின் சொத்து என்பதால் பிரெஞ்சு அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 'பிரான்ஸ்' என்று பெயர் வாங்கிய கப்பலுக்கோ பதில் சொல்ல எந்த நாடும் இல்லை. கொடியும் உரிமையும் எப்போதோ கைமாறிவிட்டன. ஒரே காலத்தில் கட்டிய இரண்டில் ஒன்று திரும்பிப் போனது, ஒன்று வந்து சேர்ந்தது.

அலங்கில் கடல் ஒரு நாளைக்குள் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். பெரு ஓதம் வரும் நாள் பார்த்து, கப்பலைக் கரையை நோக்கி விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அது சேற்றில் உட்கார்ந்துவிடும். பிறகு கேஸ் கட்டர். 'ப்ளூ லேடி' அப்படி உட்கார்ந்தது 2006 ஆகஸ்ட் 15 அன்று. உட்கார்ந்துவிட்டால் மறுபடி மிதக்கவைத்து அனுப்புவது ஆகாத காரியம். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஆயிரம் டன்னுக்கு மேல் கல்நார் இருக்கும் என்று பேசப்பட்டது. அதில் பெரும்பகுதி குவியலாக இல்லை, சுவர்ப் பலகைகளுக்குள் இருந்தது. அதாவது கப்பலை உடைக்காமல் கல்நாரை எடுக்க முடியாது, கல்நாரை எடுக்காமல் பாதுகாப்பாக உடைக்கவும் முடியாது. தொழிலாளர் உடல்நலம் ஒரு பக்கம், வேலையும் எஃகும் மறுபக்கம் என்று எடைபோட்டு, நிபுணர் குழு சொன்ன நிபந்தனைகளோடு 2007 செப்டம்பர் 11 அன்று உடைக்க அனுமதி கொடுத்தார்கள். கப்பல் ஓராண்டுக்கு மேலாகச் சேற்றில் நின்றுவிட்ட பிறகு வந்த அனுமதி அது. வழக்கு நடக்கும்போதே கடல் முடிவு சொல்லிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2008க்குள் உடல் தகடு தகடாகப் போயிற்று. மூக்கின் நுனியை மட்டும் முழுதாக வெட்டியெடுத்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். 2009 பிப்ரவரியில் பாரிசில் ஏலம் விட்டார்கள். கை மாறி, இடம் மாறி, 2018இல் அது லெ ஆவ்ருக்கு வந்து சேர்ந்தது. இப்போது அந்த ஊர்த் துறையோரம், பின்னால் கப்பல் எதுவும் இல்லாமல், நிமிர்ந்து நிற்கிறது.